கழுதை ஓட்டியவர் வானத்தை அளந்தார்!

அமெரிக்க விஞ்ஞானி ஹூமேசனின் அதிசய வாழ்க்கை

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். மலைப்பாதையில் கோவேறு கழுதைகளை ஓட்டியவர். வான ஆராய்ச்சிக் கூடத்தில் தரையைப் பெருக்கியவர்.

அதே ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் பிறகு பெரிய விஞ்ஞானி ஆனார். கோடிக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ள நட்சத்திர மண்டலங்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்று அளந்து சொன்னார்.

"பிரபஞ்சம் நின்ற இடத்தில் நிற்கவில்லை, அது விரிந்து கொண்டே போகிறது" என்ற உண்மையை உலகம் நம்பியது, அவர் எடுத்த அளவுகளைப் பார்த்த பிறகுதான்.

அவர் பெயர் மில்டன் ஹூமேசன்.

மலை மீது ஆசை

ஹூமேசன் அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் 1891-ம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே கலிபோர்னியாவுக்கு வந்துவிட்டார்.

அங்கே லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பக்கத்தில் வில்சன் மலை இருக்கிறது. அதன் உயரம் சுமார் 5,700 அடி.

பள்ளிக்கூட விடுமுறையில் பையன்கள் அந்த மலையில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். 14 வயதில் ஹூமேசனும் போனார்.

மரங்கள், குளிர்ந்த காற்று, தெளிவான வானம் எல்லாம் அவருக்குப் பிடித்துவிட்டன. வீட்டுக்குத் திரும்பிய பிறகும் மனம் மலையிலேயே இருந்தது.

"ஒரே ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு மலையில் இருக்கிறேன்" என்று பெற்றோரிடம் கெஞ்சி அனுமதி வாங்கினார்.

அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை! அவர் மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

மலை உச்சியில் ஒரு ஓட்டல் இருந்தது. அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். விருந்தாளிகளின் பெட்டியைத் தூக்கினார். சொன்ன வேலையை எல்லாம் செய்தார்.

கழுதை முதுகில் ஆராய்ச்சிக் கூடம்

அந்தச் சமயத்தில் வில்சன் மலையில் ஒரு பெரிய வான ஆராய்ச்சிக் கூடம் எழும்பிக் கொண்டு இருந்தது. ஜார்ஜ் ஹேல் என்ற விஞ்ஞானி 1904-ம் ஆண்டு அதைத் தொடங்கினார்.

மலை மேல் கட்டடம் கட்டுவது சாதாரண வேலையா? மரம், இரும்பு, மளிகைச் சாமான் எல்லாம் கீழே இருந்து மேலே போக வேண்டும். பாதையோ குறுகலானது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம்.

சாமான்களைக் கோவேறு கழுதைகள் சுமந்தன. அந்தக் கழுதைகளை ஓட்டியவர்களில் ஒருவர் ஹூமேசன். அப்போது அவருக்கு 17, 18 வயது இருக்கும்.

கழுதை ஓட்டப் போன இடத்தில் கல்யாணமும் கூடி வந்தது. ஆராய்ச்சிக் கூடத்து என்ஜினீயர் டவுட் என்பவரின் மகள் ஹெலனை அவர் காதலித்தார். 1911-ம் ஆண்டு இருவரும் கல்யாணம் செய்து கொண்டார்கள். ஒரு மகன் பிறந்தான்.

குடும்பம் வந்த பிறகு நிலையான வருமானம் வேண்டுமே! ஹூமேசன் மலையை விட்டு இறங்கினார். பண்ணையில் வேலை பார்த்தார். ஆரஞ்சு, எலுமிச்சை பயிராகும் தோட்டம் ஒன்றையும் வாங்கினார்.

ஆனால் மனம் மட்டும் மலையிலேயே இருந்தது.

துடைப்பம் பிடித்த கை

1917-ம் ஆண்டு மாமனாரிடம் இருந்து ஒரு தகவல் வந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை ஒன்று காலி!

அப்போது ஹூமேசனுக்கு 26 வயது. சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர். துடைப்பம் பிடிக்கும் வேலையை ஏற்றுக் கொள்வாரா?

ஏற்றுக் கொண்டார். மலைக்குத் திரும்ப வேறு வழி இல்லை என்று அவருக்குத் தெரியும்.

அவர் வேலைக்குச் சேர்ந்த அதே வருஷத்தில்தான் அங்கே 100 அங்குல டெலஸ்கோப் தயாராயிற்று. அதற்கு 100 அங்குல அகலம் உள்ள கண்ணாடி. அந்தக் கண்ணாடி மட்டும் 4 டன்னுக்கு மேல் எடை. அன்றைய உலகத்தில் மிகப் பெரிய டெலஸ்கோப் அதுதான்.

பகலில் பெருக்கினார். இரவில், டெலஸ்கோப் அருகே விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார். கொஞ்ச நாளில், இரவு நேர உதவியாளர் வேலையும் கிடைத்தது. விஞ்ஞானி சொல்கிற பக்கம் டெலஸ்கோப்பைத் திருப்புவது, கூரையின் திறப்பை நகர்த்துவது, போட்டோத் தகடுகளை எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

கேட்டால் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தார்கள். போட்டோ எடுக்கும் முறையை ஒருவர் கற்றுக் கொடுத்தார். செத் நிக்கல்சன் என்ற விஞ்ஞானி கணக்குக் கற்றுக் கொடுத்தார்.

ஹூமேசனின் கை நடுங்காது. கண் கூர்மையானது. அவசரமே கிடையாது. அவர் எடுத்த படங்கள், படித்தவர்கள் எடுத்த படங்களை விடத் தெளிவாக இருந்தன!

"இவரா விஞ்ஞானி?"

இதை எல்லாம் டைரக்டர் ஹேல் கவனித்துக் கொண்டு இருந்தார். 1920-ம் ஆண்டு வாக்கில் அவர் துணிந்து ஒரு முடிவு செய்தார். ஹூமேசனை விஞ்ஞானிகள் குழுவில் சேர்த்துக் கொண்டார்.

உடனே முணுமுணுப்பு எழுந்தது. கல்லூரி வாசலை மிதிக்காதவர் விஞ்ஞானியா? அதிலும் என்ஜினீயரின் மருமகன் வேறு! வேண்டியவருக்கு வேலை கொடுத்து விட்டார்கள் என்று சொல்ல இதைவிடக் காரணம் வேண்டுமா?

ஹேல் பின்வாங்கவில்லை. ஹூமேசனும் யாரோடும் வாதாடவில்லை. டெலஸ்கோப் அருகே போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்தார்.

கைக்கு எட்டியது நழுவியது

அந்த நாளில் அவருக்கு இரண்டு ஏமாற்றங்கள் வந்தன.

1919-ம் ஆண்டு, நெப்டியூனுக்கு அப்பால் ஒரு கிரகம் இருக்கலாம் என்று சொல்லி ஒரு விஞ்ஞானி தேடச் சொன்னார். ஹூமேசன் வானத்தைப் படம் எடுத்தார். கூர்ந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

11 ஆண்டுகள் கழித்து, 1930-ல் கிளைட் டாம்பா என்ற இளைஞர் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அவரும் அப்போது கல்லூரிப் படிப்பு இல்லாதவர், விவசாயி மகன்!

வில்சன் மலையில் இருந்தவர்கள் பழைய படங்களைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தார்கள். என்ன ஆச்சரியம்! ஹூமேசன் எடுத்த படங்களில் புளூட்டோ இருந்தது. ஒரு படத்தில் அது விழுந்த இடத்தில் தகடு பழுதாக இருந்ததாம். இன்னொன்றில் பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியில் மறைந்து கிடந்ததாம்.

(புளூட்டோ இப்போது கிரகங்களின் வரிசையில் இல்லை. 2006-ம் ஆண்டு அதைக் குறுங்கோள் என்று மாற்றி விட்டார்கள்.)

இரண்டாவது ஏமாற்றம் இன்னும் பெரியது.

வானத்தில் ஆண்ட்ரோமீடா என்ற மங்கலான ஒளிமேகம் தெரியும். அது நம்முடைய பால்வீதிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று விஞ்ஞானிகள் அப்போது சண்டை போட்டுக் கொண்டு இருந்தார்கள். ஹார்லோ ஷாப்லி என்ற பெரிய விஞ்ஞானி, "உள்ளேதான்" என்று அடித்துச் சொன்னார்.

ஆண்ட்ரோமீடாவின் படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை ஷாப்லி ஹூமேசனிடம் கொடுத்தார். கூடிக் குறைந்து மின்னுகிற சில நட்சத்திரங்கள் அதில் இருப்பது போல் ஹூமேசனுக்குத் தோன்றியது. கண்ணாடித் தகட்டின் பின்புறம் மையால் அடையாளம் வைத்துக் கொண்டு போய்க் காட்டினார்.

"அப்படி இருக்கவே முடியாது" என்று விளக்கிவிட்டு, ஷாப்லி கைக்குட்டையை எடுத்து அந்த அடையாளங்களைத் துடைத்து விட்டாராம்! ஹூமேசன் பிற்காலத்தில் சொன்னதாக வரும் சம்பவம் இது.

பிறகு 1923-ம் ஆண்டு எட்வின் ஹப்பிள் என்ற விஞ்ஞானி அதே ஆண்ட்ரோமீடாவில் அப்படிப்பட்ட நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஆண்ட்ரோமீடா தனி நட்சத்திர மண்டலம் என்று நிரூபித்தார். உலகப் புகழ் பெற்றார். அது சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்பது இன்றைய கணக்கு.

ஒளி ஒரு வினாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் பாயும். அந்த வேகத்தில் ஒரு வருஷம் முழுவதும் ஓடினால் எவ்வளவு தூரமோ, அதுதான் ஒரு ஒளியாண்டு.

பொருந்தாத ஜோடி

ஹப்பிளும் ஹூமேசனும் சேர்ந்து வேலை செய்வார்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஹப்பிள் உயரமானவர். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் சட்டம் படித்தவர். வாயில் எப்போதும் புகைக் குழாய். ஆங்கிலேயர் போலவே பேசுவார்.

ஹூமேசன் எட்டாம் வகுப்பு. மலையில் எல்லோரோடும் கலகலப்பாகப் பழகுவார்.

1928-ம் ஆண்டு ஹப்பிளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

அதற்கு முன்பே ஸ்லைபர் என்ற விஞ்ஞானி 40-க்கு மேற்பட்ட நட்சத்திர மண்டலங்களின் வேகத்தை அளந்து இருந்தார். அவற்றில் பெரும்பாலானவை நம்மை விட்டு விலகி ஓடின. "தூரத்தில் இருப்பது இன்னும் வேகமாக ஓடுமோ?" என்பதுதான் ஹப்பிளின் கேள்வி.

அதற்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று தூரம், மற்றொன்று வேகம்.

தூரத்தை ஹப்பிள் கணக்கிடுவார். வேகத்தை யார் அளப்பது? மிக மங்கலான மண்டலங்களின் ஒளியைப் பிடிக்க வேண்டுமே! அதற்குத் தகுந்தவர் ஹூமேசன்தான் என்று ஹப்பிள் கருதினார்.

வேகத்தை அளப்பது எப்படி?

ரயில் ஊதல் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். நம்மை நோக்கி வரும் போது அந்தச் சத்தம் கீச்சென்று இருக்கும். நம்மைக் கடந்து போன உடனே தாழ்ந்து விடும். ஊதல் ஒன்றுதான். ரயிலின் ஓட்டத்தால் சத்தம் மாறுகிறது.

ஒளியும் அப்படித்தான். விலகி ஓடும் பொருளின் ஒளி, சிவப்புப் பக்கம் சாயும்.

நட்சத்திர மண்டலத்தின் ஒளியை ஒரு கருவிக்குள் விட்டால் அது வானவில் போல் நிறம் நிறமாகப் பிரியும். அந்த நிறங்களின் குறுக்கே சில கறுப்புக் கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் ஒரு பொருளின் கையெழுத்து.

அவற்றில் முக்கியமான இரண்டு கோடுகள் கால்சியத்துக்கு உரியவை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பில் இருக்கிறதே, அதே கால்சியம்தான்!

அந்தக் கோடுகள் வழக்கமாக எங்கே இருக்க வேண்டும் என்பது தெரியும். அங்கிருந்து சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்து இருக்கின்றன என்று பார்த்தால் வேகம் தெரிந்து விடும்.

சொல்லும் போது சுலபம். செய்யும் போது?

33 மணி நேரத்தில் ஒரு படம்

தூரத்து மண்டலத்தில் இருந்து வரும் ஒளி மிகக் குறைவு. அதையும் பல நிறமாகப் பிரித்து விட்டால் மிச்சம் என்ன இருக்கும்? சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து குடம் நிறைவது போல, அந்த ஒளி மணிக்கணக்கில் தகட்டில் சேர வேண்டும்.

ஒரு இரவு போதாது. பொழுது விடியும் முன் தகட்டை மூடி வைக்க வேண்டும். அடுத்த இரவு மறுபடி அதே மண்டலத்தை நோக்கி டெலஸ்கோப்பைத் திருப்பி, அதே தகட்டைத் திறக்க வேண்டும்.

பூமி சுழல்வதால் வானம் நகர்ந்து கொண்டே இருக்கும். டெலஸ்கோப்பும் கூடவே நகர வேண்டும். இயந்திரம் அதை நகர்த்தும். ஆனாலும் மயிரிழை பிசகினால் படம் கெட்டு விடும். அதனால் ஹூமேசன் கண் இமைக்காமல் பார்த்துக் கையால் சரி செய்து கொண்டே இருப்பார்.

கூரை திறந்து இருக்கும். குளிர் காலத்தில் மலையில் பனி விழும். கணப்பு மூட்டக் கூடாது. சூடான காற்று எழும்பினால் படம் ஆடும். விளக்கும் கூடாது. இருட்டில், நடுக்கும் குளிரில், இரவு முழுவதும் தனியாகக் காவல்!

ஹூமேசன் தேர்ந்தெடுத்த முதல் மண்டலங்களில் ஒன்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான் உண்டு. என்.ஜி.சி. 7619 என்று அதைக் குறிப்பிடுவார்கள்.

அதற்கு எடுத்த முதல் படத்துக்கு 33 மணி நேரம் ஆயிற்று. சரிதானா என்று பார்க்க இன்னொரு படம் எடுத்தார். அதற்கு 45 மணி நேரம்!

விடை கிடைத்தது. அந்த மண்டலம் வினாடிக்கு 3,779 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை விட்டு ஓடிக் கொண்டு இருந்தது.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் எக்ஸ்பிரஸ் ரயில், அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அந்த மண்டலத்துக்கு ஒரே வினாடி!

அதுவரை அளந்த எந்த மண்டலத்தின் வேகத்தையும் விட இது இரண்டு மடங்குக்கு மேல். ஹப்பிளின் சந்தேகம் சரிதான் என்று தெரிந்தது.

"இனி என்னால் முடியாது!"

ஆனால் ஹூமேசன் களைத்துப் போனார். ஒரு மண்டலத்துக்கே இத்தனை இரவு என்றால் நூறு மண்டலத்துக்கு எத்தனை இரவு? இந்த வேலையே வேண்டாம் என்று நினைத்தார்.

ஹேல் அவரை அழைத்துப் பேசினார். வேகமாகப் படம் பிடிக்கும் புதிய கருவி வாங்கித் தருவதாகச் சொன்னார். சொன்னபடி புதிய லென்ஸ் வந்தது. முன்பு பல இரவு பிடித்த படம் குறைந்த நேரத்தில் முடிந்தது.

ஹூமேசன் மறுபடி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், அதன் பிறகு சுமார் 30 ஆண்டுகள் எழுந்திருக்கவில்லை!

ஐன்ஸ்டீன் வந்தார்

1929-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது ஹூமேசன் எழுதியது. மிகச் சிறியது, என்.ஜி.சி. 7619 பற்றியது. அடுத்தது ஹப்பிள் எழுதியது. எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம் என்ற விதியை அதில் அவர் எடுத்துக் காட்டினார்.

இதற்கு என்ன அர்த்தம்?

ஒரு ரப்பர் பலூனில் மையால் பொட்டுப் பொட்டாக வையுங்கள். பிறகு ஊதுங்கள். ஒவ்வொரு பொட்டும் மற்றப் பொட்டுகளை விட்டு விலகிப் போகும். பக்கத்துப் பொட்டு மெதுவாக விலகும். தூரத்துப் பொட்டு வேகமாக விலகும். எந்தப் பொட்டில் இருந்து பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்.

பிரபஞ்சமும் அந்தப் பலூன் போல விரிகிறது! பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் லெமைத்ர் 1927-லேயே கணக்குப் போட்டு இதைச் சொல்லி இருந்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை.

உலகப் புகழ் பெற்ற ஐன்ஸ்டீன் கூட, பிரபஞ்சம் விரியாமல் சுருங்காமல் அப்படியே இருப்பதாகத்தான் கருதி வந்தார். 1931-ம் ஆண்டு தொடக்கத்தில் அவர் வில்சன் மலை ஆராய்ச்சிக் கூடத்துக்கு வந்தார். விஞ்ஞானிகளோடு பேசினார். தம் பழைய கருத்தைக் கைவிட்டார்.

அப்போது எடுத்த போட்டோவில் ஐன்ஸ்டீனோடு பெரிய பெரிய விஞ்ஞானிகள் நிற்கிறார்கள். அந்த வரிசையில் ஹூமேசனும் நிற்கிறார்!

ஒரு வினாடியில் உலகத்தைச் சுற்றும் வேகம்

அதே 1931-ல் ஹூமேசன், வினாடிக்கு 20 ஆயிரம் கிலோமீட்டர் வரை எட்டி விட்டார். 1936-ல் 42 ஆயிரம் கிலோமீட்டர்!

பூமியின் சுற்றளவு சுமார் 40 ஆயிரம் கிலோமீட்டர். அதாவது, ஒரு வினாடியில் பூமியை ஒரு சுற்றுக்கு மேல் சுற்றி விடும் வேகம் அது.

அதற்கு மேல் 100 அங்குல டெலஸ்கோப்பால் முடியவில்லை. காத்திருக்க வேண்டியதாயிற்று. இடையில் இரண்டாம் உலகப் போரும் வந்து விட்டது.

1948-ம் ஆண்டு பாலோமர் மலையில் 200 அங்குல டெலஸ்கோப் திறக்கப்பட்டது. ஹேல் தொடங்கி வைத்த வேலை அது. பார்ப்பதற்கு அவர் உயிரோடு இல்லை. 60 வயதை நெருங்கிக் கொண்டு இருந்த ஹூமேசன் அங்கேயும் போய் உட்கார்ந்தார். வினாடிக்கு 61 ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தை அளந்தார். ஒளியின் வேகத்தில் அது ஐந்தில் ஒரு பங்கு!

எட்டாம் வகுப்புக்கு டாக்டர் பட்டம்

1950-ம் ஆண்டு சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகம் ஹூமேசனுக்கு கவுரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

1953-ம் ஆண்டு ஹப்பிள் இறந்தார். ஹூமேசன் வேலையை நிறுத்தவில்லை. 1956-ம் ஆண்டு, மேயால், சாண்டேஜ் என்ற இரண்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து ஒரு பெரிய பட்டியலை வெளியிட்டார். அதில் ஹூமேசன் பங்கு மட்டும் 620 நட்சத்திர மண்டலங்கள்!

ஒவ்வொன்றும் இருட்டிலும் குளிரிலும் உட்கார்ந்து எடுத்த அளவு. 1957-ம் ஆண்டு ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகும் வானம் அவரை விடவில்லை. 1961-ம் ஆண்டு, 70 வயதில், ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். புளூட்டோவைத் தவற விட்டவருக்குச் சொந்தமாக ஒரு வால் நட்சத்திரம் கிடைத்தது!

1972-ம் ஆண்டு ஜூன் மாதம் ஹூமேசன் காலமானார். சந்திரனில் உள்ள ஒரு பள்ளத்துக்கும், சூரியனைச் சுற்றும் ஒரு சிறு கோளுக்கும் அவர் பெயர் வைக்கப்பட்டு இருக்கிறது.

தூரம் மாறியது, வேகம் மாறவில்லை

இதில் இன்னொரு விசேஷமும் உண்டு.

ஹப்பிள் அந்த நாளில் கணக்கிட்ட தூரங்கள் சரியாக இல்லை. உண்மையான தூரத்தை விட மிகவும் குறைத்துச் சொல்லி விட்டார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் பிரபஞ்சத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டுதான் ஆகும். பூமியில் உள்ள சில பாறைகளுக்கே அதைவிட வயது அதிகம்! குழந்தையை விடத் தாய்க்கு வயது குறைவு என்பது போல ஆயிற்று.

1952-ம் ஆண்டு வால்டர் பாடே என்ற விஞ்ஞானி தூரக் கணக்கைத் திருத்தினார். பிறகு மற்றவர்களும் திருத்தினார்கள். பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு என்பது இன்றைய கணக்கு.

ஆனால் ஹூமேசன் அளந்த வேகம்? என்.ஜி.சி. 7619 என்ற அந்த மண்டலத்தை இன்றைய நவீன கருவிகளால் அளந்தார்கள். ஏறக்குறைய அதே எண்தான் வந்தது!

இன்றும் அதே வழி

1998-ம் ஆண்டு இன்னொரு அதிசயம் தெரிய வந்தது. பிரபஞ்சம் விரிகிறது என்பது மட்டும் அல்ல. விரியும் வேகமும் கூடிக் கொண்டே போகிறது. இதைக் கண்டுபிடித்த மூன்று விஞ்ஞானிகளுக்கு 2011-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

2021-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜேம்ஸ் வெப் என்ற டெலஸ்கோப்பை விண்வெளிக்கு அனுப்பினார்கள். 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியை அது பிடிக்கிறது. அந்த ஒளி எவ்வளவு பழையது என்று எப்படித் தெரிகிறது? அது சிவப்புப் பக்கம் எவ்வளவு சாய்ந்து இருக்கிறது என்று அளந்துதான்!

இப்போது விஞ்ஞானிகள் குளிரில் உட்கார வேண்டியது இல்லை. கம்ப்யூட்டர் பார்த்துக் கொள்கிறது. ஒரே இரவில் ஆயிரக்கணக்கான மண்டலங்களை அளந்து விடுகிறார்கள்.

ஆனால் அந்த வழியில் முதலில் வெகு தூரம் நடந்து போனவர்களில் ஒருவர், பள்ளிப் படிப்பைக் கூட முடிக்காத ஹூமேசன். அவருக்குக் கற்றுக் கொடுக்கச் சிலர் இருந்தார்கள். நம்பி இடம் கொடுக்க ஒருவர் இருந்தார். மீதியை அவருடைய பொறுமை பார்த்துக் கொண்டது.